பதக்கத்தை வீசியவர்கள்

காலேஜ் பார்க், மேரிலாந்து
11-7-1971

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: என்னை வியட்நாமுக்கு அனுப்பமாட்டார்கள். மாணவர் விசாவில் வந்தவர்களைப் பட்டாளத்துக்குக் கூப்பிடுவதில்லை. கிரீன் கார்டு வாங்கிய இளைஞர்கள்தான் பதிவு செய்ய வேண்டும்.

இத்தனை விமானமும் பணமும் இருந்தும் அமெரிக்கா ஏன் ஜெயிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். என்னோடு ஆய்வகத்தில் இருப்பவர் 1969-இல் அங்கே சண்டை போட்டுவிட்டு வந்தவர். அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. படைப்பிரிவு மொத்தமாகப் போய் மொத்தமாகத் திரும்புவதில்லை. ஒவ்வொருவனும் தனியாகப் போகிறான், ஒரு வருஷம் முடிந்ததும் தனியாகத் திரும்புகிறான். போய் இறங்கிய அன்றே நாட்களை எண்ணத் தொடங்கிவிடுகிறான். அதிகாரிகளோ பெரும்பாலும் ஆறு மாதத்தில் மாறிவிடுகிறார்கள். பிறகு யாரை நம்பி உயிரைக் கொடுப்பது? அந்த வருஷம் மே மாதம் ஆ ஷாவ் பள்ளத்தாக்கில் ஒரு மலையைப் பிடிக்கப் பத்து நாள் ரத்தம் சிந்தினார்கள். ஜூனில் அதை விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள்.

இப்போது ஜனாதிபதி நிக்சன் படையைக் குறைத்துக்கொண்டே வருகிறார். ஐந்தரை லட்சத்தை நெருங்கியிருந்தது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. எப்படியும் கிளம்பப் போகிறோம் என்று தெரிந்த பிறகு சாவதற்கு யாருக்கு மனசு வரும்? ஹெராயின் பழக்கம் பரவிக் கிடக்கிறது. சொந்த அதிகாரி மீதே கையெறி குண்டு வீசுகிறார்கள் அப்பா. 1970-இல் அப்படி 209 சம்பவங்கள் என்று ராணுவத் தலைமையகமான பென்டகனே சொல்லியிருக்கிறது.

ஏப்ரலில் வாஷிங்டனில் நானே பார்த்தேன். திரும்பி வந்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக வந்து, காங்கிரஸ் கட்டடத்தின் முன்னால் போட்டிருந்த வேலிக்கு அப்பால் தங்கள் பதக்கங்களை வீசி எறிந்தார்கள். சிலர் அழுதுகொண்டே வீசினார்கள். அதற்கு முந்தைய நாள்தான் ஜான் கெர்ரி என்ற முன்னாள் கடற்படை அதிகாரி செனட் குழுவின் முன் உட்கார்ந்து, ஒரு தவறுக்காகக் கடைசி ஆளாகச் சாகும்படி ஒருவனிடம் எப்படிக் கேட்பீர்கள் என்று கேட்டார். மாணவர்கள் கத்தினால் கோழைகள் என்று ஒதுக்கிவிடலாம். காலை இழந்து வந்தவனை அப்படிச் சொல்ல எந்த அரசியல்வாதிக்கும் வாய் வரவில்லை. இந்தச் சண்டையை நிறுத்தப் போவது இவர்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து 18 வயதுக்காரர்களுக்கு ஓட்டுரிமையும் வந்துவிட்டது. சண்டைக்கு அனுப்பத் தகுந்த வயது என்றால் ஓட்டுப் போடவும் தகுந்த வயதுதானே! நம் ஊரில் இன்னும் 21தான். தம்பி இதைக் கேட்டால் குதிப்பான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்