கயத்தாறு, கங்கைகொண்டான், தாழையூத்து

கோவில்பட்டி
ஞாயிறு, சாயந்தரம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனில் டைப் அடிக்க எனக்கு விரல் வணங்கவில்லை. பேசலாம் என்றால் நீ எடுப்பதில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. டப்பிங் ரெக்கார்டிங் என்றால் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று அம்மாவிடம் நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். இருபத்து மூன்று நாளாக ஒரே ரெக்கார்டிங் நடக்கிறது என்று அவளும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

முதலில் தொண்டை. வெந்நீர் குடி. குளிர்ந்த தண்ணீர், ஐஸ் போட்ட ஜூஸ் எதுவும் வேண்டாம். பார்சலில் உடன்குடிக் கருப்பட்டியும் அதிமதுரமும் வைத்திருக்கிறேன். அதிமதுரத்தைச் சிறு துண்டாக நறுக்கி வாயில் அடக்கிக்கொள், கடித்து விழுங்காதே. ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் தின்றுவிட்டுப் படுத்தால் புளிப்பு மேலே ஏறித் தொண்டையை அரிக்கும். இதை டாக்டர் எனக்குச் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய்.

மழை இல்லை. பெரியப்பாவிடம் கிணற்று விஷயம் பேசிவிட்டேன். அதைத் தனியாக எழுதுகிறேன். சித்தி மகளுக்கு ஆவணியில் நாள் குறித்திருக்கிறார்கள், நீ வர வேண்டும்.

தொண்டை கட்டினால் செருமாதே. செருமச் செரும இன்னும் கட்டும். கட்டின தொண்டையோடு கிசுகிசுவென்று பேசுவதும் தப்பாம், அது கத்துவதைப் போலவே கெடுதல் என்றார் டாக்டர். 2015-இல் எனக்குக் குரலே போய்க் காற்று மட்டும் வந்ததே, அப்போது திருநெல்வேலியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல் நாண் ரெண்டிலும் காய்ப்பு. மண்வெட்டி பிடித்த கையில் காய்க்குமே, அதே மாதிரி. பதினைந்து நாள் வாய் திறக்காமல் இருந்தேன். அம்மா அந்தப் பதினைந்து நாளைத்தான் இன்றுவரை பொற்காலம் என்கிறாள்.

நான் கத்தினதற்காவது காரணம் உண்டு. பஸ் ஸ்டாண்ட் இரைச்சலுக்கு மேலே எழும்பினால்தான் கண்டக்டர். கயத்தாறு, கங்கைகொண்டான், தாழையூத்து, திருநெல்வேலி என்று ஒரே மூச்சில் சொல்லிப் படிக்கட்டில் தொற்ற வேண்டும். உனக்கு முன்னால் மைக் இருக்கிறது. மூச்சு விட்டாலும் பிடித்துக்கொள்ளும் மைக். அதற்கு எதற்குத் தொண்டையை அமுக்கிப் பேச வேண்டும்? பொதுவாகத்தான் கேட்கிறேன்.

போன தையில் உன்னோடு ரெண்டு நாள் சென்னை சாலிகிராமத்தில் தங்கினேன் அல்லவா, அதை இங்கே எல்லாரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டேன். ஒன்றை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. மெத்தையைச் சுவரில் சாத்தி, அதன் முன்னால் போர்வையைத் தொங்கவிட்டு மைக்கை வைத்திருக்கிறாய். நீ வெறும் பாயில் படுக்கிறாய். எதிரொலி வராமல் இருக்க என்றாய். சரி, ஒரு பழைய மெத்தை வாங்கிக்கொள்ளக் கூடாதா? நம் பச்சைப் பெட்டிக்கு மேலே இருக்கிற இலவம்பஞ்சு மெத்தையைப் பார்சல் ஆபீசில் போட்டுவிடவா?

ஸ்டுடியோவில் முதல் நாள் உன்னைக் கூட்டத்துக்குக் குரல் கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஆறு பேர் மைக்கைச் சுற்றி நின்று சந்தை இரைச்சல் எழுப்பினீர்கள். ஒருத்தர் சொல்வதும் விளங்கக் கூடாது, ஆனால் சந்தையாகக் கேட்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் கூட்டத்தை அதட்டியே பிழைத்தேன், என் மகன் கூட்டமாவதற்குச் சம்பளம் வாங்குகிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாதே. அடுத்த நாள் பார்த்ததற்குப் பிறகு கேலி பண்ண எனக்கு வாய் வரவில்லை.

தெலுங்குப் படத்துக்குத் தமிழ் பேசினாய், பத்து வயசுப் பையன். எழுதிக் கொடுத்த வசனத்தில் 'வேண்டாம்' என்று இருந்தது. நீ ஹெட்போனைக் கழற்றிவிட்டு, 'சார், வேண்டாம்னா கடைசியில உதடு மூடும், அந்தப் பையன் வாயத் திறந்துகிட்டு நிக்கான், வேணாண்டான்னு வச்சுக்கலாமா' என்று கேட்டாய். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் பக்கத்தில் இருந்தவர் தலையை ஆட்டிவிட்டு, 'யாரு சார் இந்தப் பையன்' என்று என்னையே கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அதிலிருந்து டீவி பார்த்தால் எனக்கு உதடுதான் தெரிகிறது. ப, ம வருகிற இடத்தில் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கதை கேட்டால் தெரியாது. அம்மா திட்டுகிறாள்.

குரூப் 4 ரெண்டு மார்க்கில் போயிற்று. இன்னொரு தடவை எழுதியிருந்தால் இந்நேரம் தாலுகா ஆபீசில் இருப்பாய் என்று மாமா இன்றும் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. அதுவும் ஒரு யோசனைதான், வயசு தாண்டவில்லை. ஆனாலும் பொறுத்துப் பார். எண்பதுகளில் நடிகர் மோகன் படங்களில் பெரும்பாலும் பேசினது எஸ்.என். சுரேந்தர் குரல். எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது, தெரிந்தபோது ஏமாந்த மாதிரி இருந்தது. இப்போது நினைத்தால் அவர்தான் கெட்டிக்காரர். விக்ரம்கூட அஜித்துக்கும் பிரபுதேவாவுக்கும் அப்பாசுக்கும் பேசிக்கொடுத்துக் காலம் தள்ளினவர்தான். 1999 கடைசியில் 'சேது' வந்த பிறகுதானே ஊருக்கு அவர் முகம் தெரிந்தது. நீ முகம் காட்டப் போகவில்லை, சரி. அவரவர் நேரம் என்று ஒன்று இருக்கிறது, அதற்குச் சொல்கிறேன்.

அதுவரை தொண்டை வேண்டும். வெந்நீர் குடி.

டப்பிங் சங்கத்துக் கார்டுக்கு என்று கொடுத்த பணத்தைக் கட்டிவிட்டாயா? கட்டாவிட்டாலும் பரவாயில்லை, வாடகைக்கு எடுத்திருந்தால் சொல். அதற்காகப் பேசாமல் இருக்க வேண்டாம். இந்தக் கடிதம் பணத்துக்காக இல்லை.

நீ கடைசியாகக் குரலில் அனுப்பின மெசேஜை அம்மா இன்னும் அழிக்கவில்லை. முதலில் கேட்டபோது, 'எவனோ இவன் போனை எடுத்துப் பேசுதான்' என்று பயந்துவிட்டாள். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனத்த குரல். 'அப்பா, இப்ப எப்படி இருக்கு?' அவ்வளவுதான். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து எழுத்துதான் வருகிறது. 'சாப்பிட்டேன்.' 'பிஸி.' 'நல்லா இருக்கேன்.' குரலால் பிழைக்கப் போனவன் எழுதி அனுப்புகிறானே என்று முதலில் எனக்கு உறைக்கவில்லை.

தம்பி, பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பையன்களுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பாட்டும் போய்விடும், சோறும் போய்விடும் என்று தாத்தா சொல்வார். உனக்கு அது உடையவே இல்லை. பிளஸ் ஒன்னில் உன்னோடு படித்தவனெல்லாம் அண்டாக் குரலில் பேசினான். நீ ஐந்தாம் வகுப்பில் சுட்டி டீவியைப் பார்த்து அதே மாதிரி பேசிக் காட்டுவாயே, அதே குரலில்தான் இருந்தாய். பத்து வயசுப் பையன் வேஷத்துக்குப் பெரும்பாலும் பெண்கள்தான் பேசுவார்கள், ஆம்பிளைக்கு இப்படி ஒரு குரல் கிடைப்பது அபூர்வம் என்று அந்த ஸ்டுடியோக்காரர் சொன்னார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. 2012 ஞாபகம் வந்தது.

எந்த நாள் என்று உனக்குத் தெரியும். டிப்போவிலிருந்து கண்ட்ரோலர் போன் அடித்தார். நான் துணி மாற்றிக்கொண்டிருந்தேன், நீ எடுத்துப் பேசினாய். நான் உன் கையிலிருந்து பிடுங்கினேன். 'யாருய்யா, மகளா? குரல் கணீர்னு இருக்கே' என்றார். நான், 'ஆமா சார், எம்மவதான்' என்று சொன்னேன்.

இல்லை, அது என் மகன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? டிக்கெட் கிழிக்கிற நேரம்கூட ஆகாது. நீ வாசல் பக்கம் நின்றிருந்தாய். முகத்தைப் பார்க்காமல் டியூட்டி விவரம் எழுதிக்கொண்டேன். பிறகு பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் அவர், 'மக வரலையா' என்று கேட்டார். 'ஹாஸ்டல்ல இருக்கா சார்' என்றேன். இல்லாத மகளை ஹாஸ்டல் வரைக்கும் படிக்க வைத்துவிட்டேன். இருக்கிற மகன் அன்றிலிருந்து வீட்டில் போன் மணி அடித்தால் கொல்லைப்பக்கம் போய்விட்டான். அதையும் பார்த்தேன். நல்லது, கூச்சம் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

இப்போது நீ அனுப்பின குரலுக்கு நான் என்ன பதில் போட்டேன் என்பதும் உனக்குத் தெரியும். கட்டைவிரல் படம். ரெண்டு கட்டைவிரல்.

அம்மா அதைக் கேட்டுப் பயந்தாள். நான் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான் இருந்தது. அடுத்த நாள் மறுபடி போட்டுக் கேட்டபோது, கடைசியில் 'இருக்கு' என்கிற இடத்தில் ஒரு பிசிறு கேட்டது. அந்தப் பிசிறு எனக்குத் தெரியும், எனக்குக் காய்ப்பு வருவதற்கு முன்னால் அது ஒரு வருஷம் வந்துகொண்டிருந்தது. கனத்த குரல் கேட்டுப் பெரிய வேஷத்துக்கு யாராவது உன்னை ஆசை காட்டியிருந்தால் அது உன் தொழில், நான் பேச முடியாது. எனக்காக அமுக்குகிறாய் என்றால் விட்டுவிடு. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்க் குழாய் விட்டுப் பார்க்கச் சொல். குரலை மாற்றுவதற்குப் போகாதே, கெட்டிருக்கிறதா என்று பார்க்கப் போ. பணம் நான் அனுப்புகிறேன். பேச முடியாத நிலைமை என்றால் பேச வேண்டாம், மிஸ்டு கால் கொடு.

கடலை மிட்டாய் ரெண்டு பாக்கெட் இருக்கிறது. ஒன்று ரூமில் இருக்கும் பையனுக்கு. ரெக்கார்டிங்குக்கு முன்னால் தின்னாதே, தொண்டையில் துகள் நிற்கும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: எழுத மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் அந்தக் கண்ட்ரோலரைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகி ரொம்ப நாள் ஆகிறது, காதும் மந்தம். 'சார், எனக்கு மக கிடையாது, அன்னைக்குப் போன்ல பேசுனது எம்மவன்' என்று சொன்னேன். 'எந்தப் போன்?' என்று கேட்டார். மறுபடி சத்தமாகச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. டீக்கடையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.