திண்டிவனத்து எமனுக்கு

நங்கநல்லூர்
ஜனவரி 4

அன்புள்ள பாலு,

வைகாசியில் உன் பெண் கல்யாணத்தில் பார்த்தது. எட்டு மாசம் ஆகிறது. நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் என்றால் இரண்டாவது நிமிஷமே நான் ஜோக் அடிக்க ஆரம்பித்துவிடுவேன், சொல்ல வந்தது நழுவிவிடும். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். காலை நீட்டிக்கொண்டு மடியில் பலகை வைத்து எழுதுகிறேன்.

கால் விஷயம் இதுதான்: கார்த்திகைக் கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வலது கணுக்காலில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கமலா சௌக்கியம், மங்களத்தை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். ராஜாராமுக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது. இனிமேலாவது வாசலில் நிற்பது யார் என்று பார்த்துவிட்டுத் திட்டுவான் என்று நம்புகிறோம். சரி, குசலம் முடிந்தது.

மார்கழி சீசன் முழுக்கக் கட்டிலில் போனது. ஒரு கச்சேரி கிடையாது, ஒரு காலை உரை கிடையாது, முக்கியமாக கேண்டீன் கிடையாது. ஆன்லைனில் கேளுங்களேன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அடை அவியல் ஆன்லைனில் வருமா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்போதுதான் ம்யூனிக்கிலிருந்து லீவுக்கு வந்திருந்த நித்யா ஒரு டிவிடியை எடுத்து நீட்டினாள். "அப்பா, அந்தப் பக்கமெல்லாம் வருஷக் கடைசி ராத்திரி இதைத்தான் மேடையில் போடுவார்கள். நாமும் 31-ஆம் தேதி ராத்திரி பார்ப்போம்" என்றாள்.

பரணிலிருந்த பிளேயரை இறக்கித் தூசி தட்டினால், தட்டு வெளியே வரமாட்டேன் என்றது. கமலா தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி ஒரு நெம்பு நெம்பினாள், வந்துவிட்டது. ரிமோட்டுக்கு பாட்டரி சுவர்க் கடிகாரத்திலிருந்து. அதனால் எங்கள் வீட்டில் புது வருஷம் எப்போது பிறந்தது என்று யாருக்கும் தெரியாது.

யோஹான் ஸ்ட்ராஸின் 'டீ ஃப்ளெடர்மௌஸ்' என்கிற ஆப்பரெட்டா. வௌவால் என்று அர்த்தம். ஆப்பரெட்டா என்றால் பாட்டுக்கு நடுநடுவே வசனம் பேசுகிற, கொஞ்சம் இலேசான ஆப்பரா, அதாவது மேல்நாட்டு இசை நாடகம். நம் பாய்ஸ் கம்பெனி நாடகம் மாதிரி வைத்துக்கொள்ளேன், சாமி யாரும் வரமாட்டார்கள், அவ்வளவுதான். 1874 ஏப்ரல் 5-ஆம் தேதி வியன்னாவில் 'தியேட்டர் அன் டெர் வீன்' அரங்கில் முதலில் மேடையேறியது. அதற்கு முந்தின வருஷம் மே மாதம்தான் வியன்னா பங்குச் சந்தை ஒரே நாளில் சரிந்திருந்தது. காசு போன ஊருக்கு இப்படி ஒரு கதை. எல்லோரும் பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு விருந்துக்குப் போய் விடிய விடியக் குடிக்கிறார்கள்.

நாங்கள் பார்த்தது 1986 டிசம்பரில் ம்யூனிக் பவேரியா மாநில ஆப்பராவில் பிடித்தது. மேடையில் இயக்கியவர் ஓட்டோ ஷெங்க். வாத்தியக் குழுவை நடத்தியவர் கார்லோஸ் க்ளைபர். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம், நீ கொட்டாவி விடுவாய் என்பதால் சுருக்குகிறேன். ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிக்கு வராமல் போவதில் பேர்போனவர். பின்னாட்களில் நடத்தியதே கைவிரல் விட்டு எண்ணுகிற உருப்படிகளைத்தான், ஆனால் ஒவ்வொன்றையும் அரைத்து அரைத்து மையாக்கி வைத்திருந்தார். முன்னிசை வாசிக்கும்போது கேமரா அவரைக் காட்டுகிறது. அவர் தாளம் போடுகிற மாதிரியே இல்லை, பாலு. குழந்தைக்கு ஊஞ்சல் ஆட்டிவிடுகிறவன், கை எடுத்தபிறகும் அது போகிற அழகைப் பார்த்துக்கொண்டிருப்பானே, அந்த முகம். நடுவில் மணி ஆறு தரம் அடிக்கிறது. அந்த ஆறு எதற்கு என்று அப்புறம் தெரிந்தது.

கதை இது. ஐசன்ஸ்டைன் என்று ஒரு பணக்காரன், ஓர் அதிகாரியை அவமானப்படுத்தியதற்காக ஐந்து நாள் ஜெயில். அவனுடைய வக்கீலின் சாமர்த்தியத்தால் அது எட்டு நாளாகிறது. (நம்ம கோபாலன் வக்கீல் ஞாபகம் வருகிறதா? வரட்டும்.) இன்றிரவு ஜெயிலுக்குப் போகவேண்டியவனை நண்பன் ஃபால்கே வந்து, "விடியற்காலை போனால் போதும், முதலில் விருந்துக்கு வா" என்று கிளப்புகிறான். பெண்டாட்டியிடம் ஜெயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கோட்டும் சூட்டுமாகக் கிளம்புகிறான். பெண்டாட்டி ரோசலிண்டேவுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய காதலன் வந்து காத்திருக்கிறான். வேலைக்காரி அடேலே, அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி அதே விருந்துக்குப் போகப்போகிறாள். புருஷன், பெண்டாட்டி, வேலைக்காரி மூன்று பேரும் சேர்ந்து, ஐயோ எட்டு நாள் பிரிவே என்று அழுது பாடுகிறார்கள். முகாரியில் ஆரம்பிக்கிற பாட்டு இரண்டே வரியில் கட்டை அவிழ்த்துக்கொண்டு துள்ளல் நடைக்கு ஓடிவிடுகிறது. வாய் அழுகிறது, கால் ஆடுகிறது. உடனே பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் அழுகைக்கு வருகிறார்கள், திரும்பவும் கால் கேட்கமாட்டேன் என்கிறது. நான் சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு கட்டிலில் இடித்தது.

காதலன் ஆல்ஃப்ரெட், வீட்டுக்காரனின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஜெயில் அதிகாரி வந்துவிடுகிறார். வீட்டுக்காரன் இவன்தான் என்று பிடித்துக்கொண்டு போகிறார். அவளும் மானத்துக்குப் பயந்து, ஆமாம், புருஷன்தான் என்கிறாள்.

இரண்டாம் அங்கம் விருந்து. ஓர்லோஃப்ஸ்கி என்கிற ரஷ்ய இளவரசன், பணம் இருந்தும் எதற்கும் சிரிப்பு வராதவன். அந்த வேஷத்தைப் பெண்தான் கட்டவேண்டும் என்று ஸ்ட்ராஸ் எழுதியிருக்கிறார், இதில் பிரிகிட்டே ஃபாஸ்பேண்டர் கட்டியிருக்கிறார். கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்ததைச் சிலாகிப்பாயே, அவர் இருந்திருந்தால் இந்த அம்மாளுக்கு எழுந்து நின்றிருப்பார். விருந்துக்கு ரோசலிண்டேவும் முகமூடி போட்டுக்கொண்டு ஹங்கேரிச் சீமாட்டியாக வருகிறாள். ஐசன்ஸ்டைன் சொந்தப் பெண்டாட்டி என்று தெரியாமல் அவளையே சுற்றுகிறான். கமலாவுக்குப் பொறுக்கவில்லை. "முகமூடி போட்டால் குரல் தெரியாதா? நான் அடுக்களையில் பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே உங்களுக்கு என் கோபம் தெரியுமே" என்றாள். பதில் சொல்ல எனக்குப் பயம்.

அவனிடம் மணியடிக்கிற அழகான சின்னக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. பெண்களிடம் தருகிறேன் தருகிறேன் என்று ஆசை காட்டுவான், இதுவரை ஒருத்திக்கும் தந்ததில்லை. இவளிடமும் நீட்டுகிறான். உன் இதயத் துடிப்பை நான் எண்ணுகிறேன், கடிகாரத்தின் துடிப்பை நீ எண்ணு என்று ஆரம்பிக்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று என்று பாட்டு ஓடுகிறது, கணக்கு குழம்புகிறது, குழப்பத்தில் கடிகாரம் அவள் இடுப்புக்குப் போய்விடுகிறது. நாளைக்கு அவனுக்கு எதிரான சாட்சி அது. ஐசன்ஸ்டைனாக நடித்த எபர்ஹார்ட் வெக்டருக்கு அப்போது 57 வயசு. தொப்பையும் தடித்த கழுத்துமாக, இன்னும் நான் மைனர்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிற ஆள். இருபது வயசுப் பையன் நடித்திருந்தால் வெறும் குறும்பு. இவர் நடிக்கும்போது பார்க்கிறவனுக்குத் தன் தொப்பையும் ஞாபகம் வருகிறது.

இவ்வளவும் சொன்னது அடுத்ததற்காகத்தான்.

ஏன் வௌவால் என்று கேட்கிறார்கள். சில வருஷத்துக்கு முன்னால் மாறுவேஷ நடனம் ஒன்றுக்கு ஐசன்ஸ்டைன் பட்டாம்பூச்சியாகவும் ஃபால்கே வௌவாலாகவும் போனார்களாம். ஃபால்கேக்குப் போதை. ஐசன்ஸ்டைன் அவனை வழியிலேயே கிடத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். விடிந்தபிறகு, பட்டப்பகலில், ஊர் சிரிக்க, பையன்கள் பின்னால் கத்திக்கொண்டு வர, வௌவால் வேஷத்தோடு அவன் வீட்டுக்கு நடந்தான். அதிலிருந்து அவனுக்கு ஊரில் டாக்டர் வௌவால் என்று பெயர். இந்த விருந்து முழுக்க அவன் செய்யும் பழிவாங்கல்.

நித்யா ரிமோட்டை அமுக்கி நிறுத்திவிட்டாள். "அப்பா, இது பாலு மாமா கதை இல்லையா? எமன் வேஷத்தோடு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில்!" என்றாள். கமலாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எமனைப் பார்த்து ஒரு கிழவி காலில் விழுந்து புருஷன் ஆயுசைக் கேட்டது, கண்டக்டர் டிக்கெட்டே கேட்காதது, எல்லாவற்றையும் இன்னொரு தரம் சொன்னேன். அப்புறம் படம் திரும்ப ஓடியது. அதிலும் கதையைச் சொல்கிறவன் ஐசன்ஸ்டைன்தான். விட்டுவிட்டுப் போனவன் பெருமையாகச் சொல்கிறான், விடப்பட்டவன் பக்கத்தில் நிற்கிறான்.

எனக்குச் சட்டென்று கும்பகோணம் மண்டபம் ஞாபகம் வந்தது. உன் சம்பந்தி, மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர்கள், எல்லோர் முன்னாலும் மைக் கிடைத்த சந்தோஷத்தில் நான் அதே கதையைச் சொன்னேன். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நீ கையில் சந்தனப் பேலாவை வைத்துக்கொண்டு நின்றிருந்தாய். சிரித்தாயா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், உன் முகம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. நான் உன்னைப் பார்க்கவே இல்லை, கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. எல்லோரும் கைகோத்துக்கொண்டு, நாமெல்லாம் அண்ணன் தங்கை ஆவோம், இனி ஒருவரை ஒருவர் 'நீ' என்றே கூப்பிடுவோம் என்று மெதுவான வால்ட்ஸ் நடன மெட்டில் பாடுகிறார்கள். 'டு, டு' என்று தாலாட்டு மாதிரி போகிறது. 'டு' என்றால் நீ. அதை எடுத்துக்கொடுப்பவன் யார் தெரியுமா? ஃபால்கே. பழிவாங்க ஏற்பாடு செய்த அதே ஆள். அவன் வாயிலிருந்துதான் உலகத்திலேயே கனிவான அந்தப் பாட்டு புறப்படுகிறது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்கு எழுத்து மங்கிவிட்டது, கமலா கண்ணாடியைத் துடைத்துக்கொடுத்தாள். அப்புறம் மணி ஆறு அடித்தது. முன்னிசையில் கேட்டோமே, அந்த ஆறு. விடிந்துவிட்டது, வேஷத்தோடு எல்லோரும் ஓடுகிறார்கள்.

பாலு, 1978 மாசி. தலையை எண்ணாமல் வேனை எடுத்துவிட்டோம், இருட்டு, அசதி, ஒருத்தன் விட்டுப்போனது தெரியவில்லை என்றுதானே 47 வருஷமாகச் சொல்லி வருகிறேன்? எண்ணினேன். தேர்முட்டிக்குப் பின்னால் நீ கிரீடத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கியதைப் பார்த்தேன். உன் சட்டை, பேண்ட், பர்ஸ் எல்லாம் வேனில் ஏற்றின டிரங்குப் பெட்டியில் இருந்ததும் தெரியும். "எல்லாரும் ஏறியாச்சா?" என்று டிரைவர் கேட்டதற்கு, "ஆச்சு" என்று சொன்னவன் நான். அன்றைக்கு நாடகத்தில் சத்தியவான் நான். விசில் முழுக்க எமனுக்கு விழுந்தது. காரணம் இவ்வளவுதான். இவ்வளவு அற்பமா என்றால், ஆமாம்.

ஆல்ஃப்ரெட் முதல் அங்கத்தில் ஒரு பாட்டுப் பாடுகிறான்: மாற்ற முடியாததை மறந்துவிடுகிறவன் பாக்கியசாலி. வியன்னாக்காரர்களுக்கு அது வேதவாக்கு மாதிரியாம். கேட்க அமிர்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை யார் பாடுகிறான் பார், அடுத்தவன் வீட்டில் அடுத்தவன் மதுவைக் குடித்துக்கொண்டிருக்கிறவன்.

மூன்றாம் அங்கம் ஜெயில். ஃப்ரோஷ் என்று ஒரு குடிகாரக் காவலாளி, பாட்டே கிடையாது, முழுக்க வசனம். அறை எண் 12-இல் ஆல்ஃப்ரெட் ஓயாமல் பாடிக்கொண்டே இருக்க, இவன் அதை அடக்கப் பார்க்கிறான். அவன் பேசும் உள்ளூர்ப் பாஷை இங்கிலீஷ் சப்டைட்டிலில் பாதிதான் வருகிறது. நான் எழுத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பதற்குள், எழுத்தே படிக்காத கமலா சிரித்து முடித்துவிடுகிறாள். கடைசியில் கடிகாரம் வெளியே வருகிறது, எல்லாப் பொய்யும் உடைகிறது, ஐசன்ஸ்டைன் எல்லாம் ஷாம்பெயின் செய்த வேலை என்று பழியைப் பாட்டிலின்மேல் போட்டுவிட்டுத் தப்பிக்கிறான். நமக்கு அந்த வசதியும் இல்லை. அன்றைக்கு நாம் குடித்தது பன்னீர் சோடா.

முடிவில் எல்லோரும் சேர்ந்து, வௌவாலே, உன் இரையை இப்போதாவது விட்டுவிடு என்று கெஞ்சுகிறார்கள். நம்ம ராஜாராம் சாவித்திரி வேஷத்தில், புடவைத் தலைப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டே உன்னிடம் கெஞ்சுவானே, அந்தக் காட்சிதான். அவனையே தூது அனுப்பலாமா என்று பார்த்தேன். கண்ணுக்கு மருந்து விட்டிருக்கிறார்கள், அழக்கூடாதாம்.

தை பாதியில் கட்டைப் பிரிக்கிறார்கள். நடக்க முடிந்ததும் திருநெல்வேலிக்கு வரப்போகிறேன், டிவிடியையும் எடுத்துக்கொண்டு. உன் வீட்டு பிளேயர் ஓடுமா என்று பார்த்து வை. அதற்கு முன்னால் நீ ஒரு கடிதம் எழுது. தேர்முட்டிக்குப் பின்னால் விழித்தபோது மணி என்ன? யார் முதலில் பார்த்தது? கையில் காசில்லாமல் எப்படி ஊர் வந்து சேர்ந்தாய்? உன் வாயால் ஒரு தரம்கூட நீ சொன்னதில்லை. அந்தக் கிழவி நான் சேர்த்தவள், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கண்டக்டர் டிக்கெட் கேட்காதது நீ சொன்னதா, அல்லது அதுவும் நான் சேர்த்ததா? எனக்கே மறந்துவிட்டது.

உன்
சீனு