"கடக்க முயன்றபோது"ன்னு எழுதுறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல வருஷமா உங்க பேப்பர் படிக்கிறேன், ஆனா லெட்டர் எழுதுறது இதுதான் முதல் தடவை. விபத்து செய்தி எதையும் நான் விடாம படிச்சிடுவேன், அதுல ஒரு வரி ரொம்ப நாளா மனச உறுத்திட்டே இருக்கு. "சாலையை கடக்க முயன்றபோது வாகனம் மோதி பலி". பேரும் வயசும்தான் மாறுது, வரி மாறவே மாட்டேங்குது. கடக்குறதே ஒரு முயற்சிதான், நடந்தா நடக்கும் இல்லைன்னா இல்லைன்னு நாம எல்லாருமே ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கு அந்த வார்த்தை. வண்டி என்ன வேகத்துல வந்துச்சு, அங்க ஜீப்ரா கிராசிங் இருந்துச்சா, விளக்கு எரிஞ்சுதா, எதுவுமே அதுல இருக்காது. படிச்சு முடிச்சதும் மனசுல தங்குறது ஒண்ணுதான், "பாத்து போயிருக்கலாம்ல".

நடக்குறவங்க பக்கம் மட்டும் நின்னு இத எழுதுறேன்னு நினைக்காதீங்க. நானும் வண்டி ஓட்டுறவன்தான், என் கதையையே சொல்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சாயங்காலம், ஒரே பக்கம் ரெண்டு லேன் இருக்கிற ரோடு, ஜீப்ரா கிராசிங் ஓரத்துல ஒரு வயசான அம்மா ரொம்ப நேரமா நின்னுட்டிருந்தாங்க, யாரும் நிறுத்துற மாதிரி தெரியல. நான் நிறுத்தினேன், நிறுத்தினதோட விடாம "வாங்க வாங்க"ன்னு கையும் காட்டினேன். அவங்க என்னைப் பார்த்து தலையாட்டிட்டு இறங்கி நடந்தாங்க. என் காரைத் தாண்டி அடுத்த லேன்ல கால் வைக்கவும், பின்னாடி இருந்து ஒரு பைக் என்னை ஓவர்டேக் பண்ணிட்டு வரவும் சரியா இருந்துச்சு. அவனுக்கு அவங்கள தெரியாது, என் கார் மறைக்குது. அவங்களுக்கும் அவன தெரியாது, அதே கார்தான் மறைக்குது. ஹேண்டில் அவங்க முந்தானையில உரசிட்டுப் போச்சு, அவ்வளவுதான், அடி எதுவும் படல. இறங்கி ஓடிப்போய் பிடிச்சேன், கை கால் எல்லாம் நடுங்குது அவங்களுக்கு. அப்போ அவங்க சொன்னது இன்னைக்கு வரைக்கும் காதுல கேக்குது. "நீ கை காட்டினேன்னுதான்பா வந்தேன்."

நல்லது பண்றேன்னு நினைச்சு நான் காட்டின கை அது. பக்கத்து லேன் காலியா இருக்கான்னு நான் கண்ணாடிய பார்க்கல. அவங்க பார்க்க வேண்டிய வேலையையும் சேர்த்து நான் எடுத்துக்கிட்டேன், எடுத்துக்கிட்டு ஒழுங்கா செய்யல. அன்னையில இருந்து யாருக்கும் கை காட்டுறதில்ல. கிராசிங்க்கு கொஞ்சம் முன்னாடியே வேகத்தை குறைச்சு, கோட்டுக்கு ரொம்ப ஒட்டாம தள்ளி நிறுத்திடுவேன், அப்பதான் பக்கத்து லேன்ல வர்றவனுக்கும் நடக்குறவங்க தெரிவாங்க. எப்ப இறங்கலாம்னு அவங்களே பார்த்து முடிவு பண்ணட்டும்.

இந்த ஆபத்து புதுசா கண்டுபிடிச்சது ஒண்ணும் இல்ல சார். 1968-ல வியன்னாவுல போட்ட சர்வதேச சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்துலயே இருக்கு, கிராசிங் முன்னாடி ஒரு வண்டி நின்னுட்டிருந்தா அதை ஓவர்டேக் பண்ணக்கூடாது, பண்ணியே ஆகணும்னா உடனே நிறுத்த முடியிற அளவுக்கு மெதுவாதான் போகணும்னு. அதே ஒப்பந்தம் நடக்குறவங்களுக்கும் சொல்லுது, சிக்னல் இல்லாத கிராசிங்கா இருந்தா வர்ற வண்டி எவ்வளவு தூரத்துல இருக்கு, என்ன வேகத்துல வருதுன்னு பார்க்காம ரோட்ல கால் வைக்கக்கூடாதுன்னு. ரெண்டு பேருக்கும் வேலை கொடுத்திருக்காங்க, ஒருத்தர் தன் வேலைய விட்டாலும் இன்னொருத்தர் செஞ்சா உயிர் தப்பும்ங்கிற மாதிரி. ஓட்டுறவங்கள்ல எத்தனை பேருக்கு அந்த ஓவர்டேக் விஷயம் தெரியும்? முன்னாடி வண்டி நின்னா "ஏன் நிக்கிறான்"னு ஹாரன் அடிச்சுட்டு சுத்திப் போறதுதானே நம்ம பழக்கம். ஒரு வண்டி காரணம் இல்லாம நிக்காது, அந்தக் காரணம் பெரும்பாலும் ரெண்டு காலோட நடந்துட்டிருக்கும்.

பொறுப்பு ரெண்டு பேருக்கும்னு சொல்றேனே தவிர ரெண்டு பேருக்கும் சமம்னு சொல்ல மாட்டேன். இங்கதான் நான் மத்தவங்களோட சண்டை போடுவேன். நடக்குறவர் தப்பு பண்ணினா அடிபடுறது அவரு. ஓட்டுறவர் தப்பு பண்ணினாலும் அடிபடுறது அதே நடக்குறவர்தான். டன் கணக்குல எடை இருக்கிற இரும்ப யார் நகர்த்துறாங்களோ அவங்களுக்குதானே கூட பொறுப்பு இருக்கணும்.

வேகத்தோட கணக்கை ஒரு தடவை பேப்பர்ல போட்டுப் பார்த்தா யாருக்கும் புரிஞ்சிடும். 30 கிலோமீட்டர் வேகத்துல வர்றப்ப குறுக்கே ஒருத்தர பார்த்துட்டு கால் பிரேக்குக்கு போக ஒரு செகண்ட் ஆகுதுன்னு வைங்க, அதுக்குள்ள வண்டி 8 மீட்டர் போயிடும், அப்புறம் காஞ்ச ரோட்ல நல்ல பிரேக் பிடிச்சா இன்னும் ஒரு 5 மீட்டர்ல நிக்கும், மொத்தம் 13 மீட்டர் சொச்சம். இதே 50-ல வந்தா அந்த ஒரு செகண்ட்லயே கிட்டத்தட்ட 14 மீட்டர் போயிடும். அதாவது 30-ல வந்தவன் முழுசா நின்னுட்ட இடத்துல 50-ல வந்தவன் கால் அப்பதான் பிரேக்ல படுது, வேகம் ஒரு சொட்டு குறையாம மோதுறான். வேகம் ரெண்டு மடங்கானா மோதுற சக்தி நாலு மடங்கு ஆகும்னு ஸ்கூல்ல படிச்சதுதான். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினா உயிர்போற விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதே நிறுவனத்தோட கணக்குப்படி 2021-ல உலகம் முழுக்க ரோட்ல செத்தவங்க கிட்டத்தட்ட 11.9 லட்சம் பேர், அதுல 5-ல ஒருத்தர் வெறுமனே நடந்து போனவங்க.

இப்ப நடக்குறவங்க விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா நானும் தினமும் நடக்குறவன், எங்க பக்கத்து தப்பும் எனக்குத் தெரியும். போன் பார்த்துட்டே இறங்குறது, காதுல மாட்டிட்டு ஒரு பக்கமும் பார்க்காம போறது எல்லாம் எல்லாரும் சொல்றதுதான், நானும் சொல்றேன். ஆனா அதவிட எனக்கு பயமா இருக்கிறது ராத்திரி நடக்குறதுதான். ஹெட்லைட் நம்ம கண்ணுல பளிச்சுன்னு அடிக்குது, எனக்கு வண்டி இவ்வளவு நல்லா தெரியுதே அப்ப அவருக்கும் என்னைத் தெரியும்னு நம்பிடுறோம். தெரியாது! எதிர்ல வர்ற வண்டியோட வெளிச்சம் கண்ணக் கூசுறப்ப, கருப்பு டிரஸ் போட்ட ஆள் கிட்டக்க வந்தப்புறம்தான் நிழல் மாதிரி தெரிவாங்க, நான் ஸ்டியரிங்க்குப் பின்னாடி உட்கார்ந்து பார்த்திருக்கேன். வெளிர் கலர் சட்டை, கையில ஒரு சின்ன டார்ச், செருப்புலயோ பையிலயோ ஒட்டுற ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், இதெல்லாம் பெரிய விஷயமே இல்ல. நடைபாதை இல்லாத ரோட்ல வண்டி நம்ம முகத்துக்கு எதிரா வர்ற பக்கமா நடக்கணும், முதுகுக்குப் பின்னாடி வர்றத யாரால பார்க்க முடியும். அப்புறம் நின்ன வண்டிக்கு முன்னாடி கடக்கும்போது அந்த வண்டி முடியிற ஓரத்துல ஒரு நிமிஷம் நின்னு எட்டிப் பார்த்துட்டு அடுத்த லேன்ல கால் வைங்க, அந்த அம்மா சார்பா கேக்குறேன், ஓட்டுறவன் கை காட்டினாலும் சரி.

ஆனா ஒண்ணு, எட்டிப் பாருங்கன்னு குழந்தைங்ககிட்ட சொல்லி தப்பிக்க முடியாது. சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற வண்டியோட வேகத்த கணிக்கவே வராது, அது வளர வளர வர்றது. நிறுத்தி வச்ச வண்டிக்கு மேல அவங்க தலையும் தெரியாது. வயசானவங்களும் அப்படித்தான். சிக்னல்ல பச்சை எத்தனை செகண்ட் எரியணும்னு கணக்கு போடும்போது ஒருத்தர் செகண்டுக்கு 1.2 மீட்டர் நடப்பார்னு வச்சுக்கிறது பல இடத்துல வழக்கம். 12 மீட்டர் ரோட்டுக்கு 10 செகண்ட் ஆச்சு. 0.8 மீட்டர் வேகத்துல நடக்கிற பெரியவருக்கு 15 செகண்ட் வேணும், அந்த 5 செகண்ட் அவர் ரோட்டு நடுவுல நிக்கிறார், ஹாரன் சத்தத்துல. இது அவர் தப்பா? கிராசிங்கை ஒட்டி வண்டிய பார்க் பண்றவன், நடைபாதைய அடைச்சு நடக்குறவங்கள ரோட்ல இறக்கி விடுறவன், ரோடு டிசைன் பண்றவங்க, எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு.

மாத்த முடியாதுன்னு சொல்றவங்களுக்காக ஒண்ணு மட்டும். மனுஷன் தப்பு பண்ணத்தான் செய்வான், அந்தத் தப்புக்கு உயிர் விலையா இருக்கக்கூடாதுன்னு 1997-ல ஸ்வீடன் பார்லிமென்ட்லயே முடிவு எடுத்து ரோட்ட அதுக்கேத்த மாதிரி மாத்த ஆரம்பிச்சாங்க. பின்லாந்து தலைநகர் ஹெல்சிங்கியில 2019-ல ஒரு வருஷம் முழுக்க நடந்து போனவங்க ஒருத்தர் கூட ரோட்ல சாகல. தெருவுக்குள்ள வேகத்த 30-க்கு இறக்கினது அங்க செஞ்ச முக்கியமான வேலைகள்ல ஒண்ணு.

உங்ககிட்ட என் கோரிக்கை சின்னதுதான். அடுத்த தடவை உங்க நிருபர் விபத்து செய்தி அனுப்பும்போது அந்த ரோட்டுக்கு வேக வரம்பு எவ்வளவு, பக்கத்துல கிராசிங் எவ்வளவு தூரத்துல இருக்கு, விளக்கு எரிஞ்சுதா, நடைபாதை நடக்குற மாதிரி இருந்துச்சா, இத ஒரு நாலு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்க. நடக்குறவர் போன் பார்த்துட்டே வந்தார்னா அதையும் எழுதுங்க, மறைக்க வேண்டாம். "கடக்க முயன்றபோது"க்கு பதிலா "கடந்தபோது"ன்னு போடுங்க.

இப்படிக்கு,
கார் ஓட்டும், நடக்கவும் செய்யும் வாசகர்