பொதியைக் கொடுங்கள், முகத்தை விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையின் பிரதேசச் செய்திப் பக்கத்தில் உலருணவுப் பொதி வழங்கும் படங்கள் நான்கு வந்திருந்தன. நான்கிலும் கொடுத்தவர்கள் கமெராவைப் பார்க்கிறார்கள், வாங்கியவர்கள் நிலத்தைப் பார்க்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வவுனியா நகரின் ஓரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எங்கள் அயலில் ஒரு தாய், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து மகளைப் படிப்பிக்கிறார். கணவர் சிறுநீரக நோயில் போய்விட்டார். சென்ற வருடம் ஒரு யூரியூப்காரர் அரிசி மூட்டையோடு வந்தார். உள்ளே வெளிச்சம் காணாது என்று பிள்ளையை முற்றத்துக்குக் கூப்பிட்டு, வாங்கிய மூட்டையைத் திருப்பிக் கொடுக்கவைத்து, இரண்டாம் தரமும் வாங்கவைத்தார். அப்பாவைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, அவள் அழுத பிறகுதான் கமெராவை நிற்பாட்டினார். அடுத்த கிழமை வகுப்பிலே அந்த வீடியோ கைமாறியது. பிள்ளை எட்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. (தாயின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

அதே வீட்டுக்கு வின்சென்ட் டி போல் சபை என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்பைச் சேர்ந்த இருவர் இரண்டு வருடமாக வந்து போகிறார்கள். ஒருவர் மேசன் வேலை செய்பவர், மற்றவர் கடையில் கணக்கு எழுதுபவர். புதன்கிழமை பின்னேரம், சைக்கிளில், சாதாரணக் கடைப்பையோடு வருவார்கள். பார்ப்பவர்களுக்கு உறவுக்காரர் வந்து போவது போலத்தான் இருக்கும். பாயில் இருந்து தேத்தண்ணி குடித்து, "கிணத்தில தண்ணி என்ன மாதிரி அக்கா?" என்று கேட்பார்கள். கயிறு இற்றுப்போனது அப்படித்தான் தெரியவந்தது. அடுத்த புதன் புதுக் கயிறு வந்தது. 2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க நிவாரணக் கொடுப்பனவு தொடங்கியபோது இந்தக் குடும்பத்தின் பெயர் விடுபட்டுப்போக, மேன்முறையீட்டை நிரப்பிக் கொடுத்து, பிரதேச செயலகத்துக்கும் கூடப்போய் நின்றவர்கள் இவர்கள்தான். அரிசி ஒரு கிழமையில் முடிந்துவிடும், அந்த விண்ணப்பத்தால் கிடைத்த கொடுப்பனவில் இன்றைக்கும் அடுப்பெரிகிறது.

இது அவர்கள் சபையின் பழைய வழக்கம். 1833இல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் இதைத் தொடங்கியதே ஏழைகளின் வீட்டுக்கு நேரே போவதற்காகத்தான். இருவர் இருவராகப் போய் அவர்களோடு இருந்து கதைக்கும் அந்த முறை இன்றுவரை நடக்கிறது.

"மதம் மாத்தத்தான் வருகினம்" என்று சொல்வோர் எங்கள் ஊரிலும் உண்டு. நான் சைவக்காரி, எனக்கும் அந்த ஐயம் இருந்தது. அந்தத் தாயிடமே கேட்டேன். எங்கள் கோயிலுக்கு வா என்று அவர்கள் ஒருநாளும் சொல்லவில்லையாம். தைப்பொங்கலுக்கு அவர் கொடுத்த புக்கையை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யுத்தத்தின் கடைசி நாள்வரை சனத்தோடு நின்று 2009 மே 18இல் உயிர்விட்ட அருட்தந்தை சரத்ஜீவனை வன்னி மறந்துவிடவில்லை. அவரும் யாரிடமும் சமயம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் காசு போய்ச் சேர்ந்ததா என்று அறிய உங்களுக்கு முழு உரிமை உண்டு. கடைச் சிட்டையைக் கேளுங்கள், அந்த வீட்டுக்கு நீங்களே போன் எடுத்துக் கதையுங்கள். வீடியோ அனுப்பினால்தான் அடுத்த மாதக் காசு என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் கேட்பதால்தான் இங்கே கமெரா தூக்குகிறார்கள்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன், ஆசிரியர் அவர்களே. உதவி வழங்கிய செய்தியைப் போடுங்கள், கொடுத்தவர் பெயரையும் போடுங்கள். வாங்கியவரின் முகம் தெரியும் படத்தை, பள்ளிப் பிள்ளைகளின் படத்தை முதலாவதாக, இனிமேல் பிரசுரிப்பதில்லை என்று தங்கள் பத்திரிகை முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை அதே பிரதேசச் செய்திப் பக்கத்தில் அறிவிக்கவும் வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
வவுனியா.