ஜேன் ஜேம்ஸ் கேட்டுக்கொண்டே இருந்தார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய மார்மன் சபை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசாங்கம் நெருக்கினால் மதத் தலைவர்கள் பழைய போதனையைக் கைவிட்டுவிடுவார்கள் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். விஷயம் அவ்வளவு எளிதல்ல. யூட்டா மாநிலத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அக்கம்பக்கம் எல்லோரும் அந்தச் சபையினர்தான். நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது வாசலில் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மனிதர்கள். அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தச் சபையில் முன்பு இருந்த பலதார மணத்தைப் பொறுத்தவரை கட்டுரையாளர் சொல்வது சரி. 1887-இல் வந்த சட்டம் சபையின் சொத்துகளிலேயே கை வைத்தது. 1890-இல் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் அந்த வழக்கத்தை விடுவதாக அறிக்கை விட்டார். விடாவிட்டால் ஆலயங்கள் பறிபோகும், ஆண்கள் சிறைக்குப் போவார்கள் என்று ஆண்டவர் தமக்குக் காட்டியதாகப் பிறகு அவரே விளக்கினார். 1896-இல் யூட்டாவுக்கு மாநில அந்தஸ்து கிடைத்தது.

ஆனால் ஆதாம் விஷயம் என்ன? ஆதாமே நம் தந்தை, நம் தெய்வம் என்று 1852-இல், அப்போதைய சபைத் தலைவர் பிரிகாம் யங் பிரசங்கித்தார். கூடவே இருந்த, அப்போஸ்தலர் என்ற உயர் பொறுப்பு வகித்த ஆர்சன் பிராட்டுக்கே அது ஒப்பவில்லை, வேதத்தோடு பொருந்தவில்லை என்று வாதாடினார். யங் காலத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு மெல்லத் தேய்ந்து, 1976-இல் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் அதைப் பொய்ப் போதனை என்றே சொல்லிவிட்டார். அதை விடச் சொல்லி எந்த அரசும் கேட்கவில்லை.

கறுப்பினத்தவருக்கு ஆசாரியத்துவம், அதாவது சடங்குகளை நடத்தும் குருத்துவ அதிகாரம், கிடையாது என்ற தடைதான் என் மனதை உறுத்துவது. அந்தத் தடையால் கறுப்பின ஆண், பெண் இருபாலருக்குமே ஆலயத்தின் முக்கியச் சடங்குகள் மறுக்கப்பட்டன. தொடக்கத்தில் அப்படி ஒரு தடையே இல்லை. 1836-இலேயே எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவருக்கு அந்தப் பட்டம் தந்திருக்கிறார்கள். தடை 1852-இல் யங் அறிவித்தது. 1949-இல் சபைத் தலைமை, இது ஆண்டவரின் நேரடிக் கட்டளை என்று எழுதியே கொடுத்தது. 1978 ஜூனில், ஆண்டவரிடமிருந்து புதிய வெளிப்பாடு வந்தது என்று சொல்லித் தடையை நீக்கினார்கள். இடையில் நடந்தவற்றைப் பாருங்கள். தடைக்கு மூலமான வெளிப்பாடு ஏதும் பதிவில் இல்லை என்று 1973-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை காட்டியது. பிரேசிலில் சாவோ பாலோவில் ஆலயம் எழும்பிக்கொண்டிருந்தது. பல இனமும் கலந்த அந்த நாட்டில் யாருடைய பூர்வீகத்தை எப்படிப் பிரிப்பது? காசு கொடுத்து, பாடுபட்டுக் கட்டியவர்களிலேயே சிலர் உள்ளே போக முடியாது. அந்த மக்களின் முகத்தை நேரில் பார்த்ததுதான் கிம்பலை அசைத்தது என்று நான் நம்புகிறேன்.

தன் தலைவரையே தீர்க்கதரிசியாகக் கருதி, அவருக்கு இன்றும் வெளிப்பாடு வரும் என்று நம்பும் சபை அது. ஆகவே மாறுவதற்கு அங்கே எப்போதும் கதவு திறந்திருக்கிறது. ஆனால் முன்பு சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்ள மட்டும் வாய் வருவதில்லை. நேற்றைய தீர்க்கதரிசி தவறினார் என்றால் இன்றையவரை நம்புவது எப்படி என்ற அச்சம். 2013-இல் சபை வெளியிட்ட கட்டுரை, தடைக்குச் சொல்லப்பட்டுவந்த பழைய விளக்கங்களைத் தள்ளிவிட்டது. மன்னிப்பு என்ற சொல்லை அதில் தேடினேன், இல்லை.

ஜேன் மானிங் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியைக் கட்டுரையாளர் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. 1843-இல் படகில் ஏற்ற மறுத்துவிட்டார்கள் என்று, பஃபலோ நகரிலிருந்து, சபை அப்போது மையம் கொண்டிருந்த இல்லினாய் மாநிலத்தின் நாவூ வரை குடும்பத்தோடு நடந்தே போனவர். செருப்பு தேய்ந்து, பாதம் வெடித்து, முழுப் பாதத்தின் அச்சும் ரத்தமாகத் தரையில் பதிந்தது என்று அவரே சொல்லி எழுதிவைத்திருக்கிறார்கள். அப்புறம் யூட்டாவில், ஆலயச் சடங்குக்கு அனுமதி கேட்டுத் தலைவர்களுக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். மறுத்தார்கள். 1894-இல், ஜோசப் ஸ்மித்தின் குடும்பத்துக்கு நித்தியத்துக்கும் வேலைக்காரியாக அவரை ஆலயச் சடங்கின் மூலம் பிணைத்தார்கள். அதற்கும் அவரை உள்ளே விடவில்லை, அவருக்குப் பதில் வேறொரு பெண் நின்றார். அதன் பிறகும் ஜேன் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1908-இல் இறந்துபோனார். அவர் கேட்ட சடங்கை 1979-இல், அவர் பெயரில் இன்னொருவர் செய்துவைத்தார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நாகர்கோவில்.