சித்தப்பா கேட்ட கேள்வி

தூத்துக்குடி
2025 ஜனவரி 19, ஞாயிறு

கோமு,

தீபாவளிக்கு நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜுக்கு இப்பதான் பதில் எழுதுதேன், திட்டணும்னா முதல்ல திட்டி முடிச்சுட்டு மேல படி. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு, சின்னவன் பத்தாவது ரிவிஷன் டெஸ்ட்டுக்குப் படிக்கான்னு புத்தகத்தை விரிச்சு வச்சுட்டுத் தூங்குதான், நம்ம கூட்டாளி கொடுக்காப்புளி மறுபடியும் வீடு மாத்திட்டா. உன் பாப்பா அந்த மஞ்ச ஃபிராக்கைக் கழட்டினாளா இல்லையா? சரி, வீட்டு நியூஸ் அவ்வளவுதான்.

விஷயம் என்னன்னா, இறால் குளம் வச்சிருக்கிற உங்க வேதாரண்யம் சித்தப்பா வியாழக்கிழமை எங்க இறால் ஏற்றுமதிக் கம்பெனிக்கு வந்தாவ. திருச்செந்தூருக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவிய அப்படியே இங்க வந்து என்னைக் கேட்டிருக்காவ. நான் என்னமோ ஏதோன்னு ஓடிப்போய்ப் பாத்தா கையில ஒரு துண்டுச்சீட்டு, ஏஜென்ட் எழுதிக் கொடுத்த ரேட்டு. 40 கவுண்டுக்கு, அதாவது கிலோவுக்கு 40 இறால் நிக்கிற சைஸுக்கு, பேசின விலையில கிலோவுக்கு 15 ரூபா கழிச்சு, பக்கத்துல பேனாவால "அமெரிக்கா வரி"ன்னு எழுதியிருக்கான். சித்தப்பா கேட்டாவ, "ஏம்மா ஜெபா, நான் மானியம் வாங்கிட்டேன்னு அமெரிக்காக்காரன் வரி போட்டிருக்கானாமே, ஏரேட்டருக்கு டீசல் ஊத்தினது நான், குஞ்சுக்குக் காசு குடுத்தது நான், தீவனக் கடன் என் பேர்ல இருக்கு, நான் யாருகிட்ட என்ன வாங்கினேன்?" டீ வாங்கிக் குடுத்தேன் கோமு, பதில் குடுக்க முடியல. பஸ் ஏத்திவிட்டு வந்து உக்காந்தா உன் வாய்ஸ் மெசேஜ் ஞாபகம் வருது, "மானியம் வாங்கினா வரி வரத்தான செய்யும், இதுக்கு என்னட்டி இவ்வளவு பொலம்பல்"னு சொன்னியே. அதுக்குத்தான் இந்த லெட்டர்.

இது சாதாரண கஸ்டம்ஸ் வரி இல்ல, ஈடுசெய் வரி, நாங்க சிவிடின்னு சொல்லுவோம். ஒரு நாட்டு அரசாங்கம் தன் உற்பத்தியாளருக்கு மானியம் குடுத்து அதனால சரக்கு மலிவாப் போய் வாங்குற நாட்டுத் தொழில் அடிவாங்குச்சுன்னா, அந்த மானியத்தோட அளவுக்கு வரி போட்டு சமன் பண்ணிக்கலாம்ங்கிறது உலக வர்த்தக அமைப்பு ஒத்துக்கிட்ட விதி. மானியம்னா அரசாங்கமோ அரசு அமைப்போ ஏதாவது குடுத்திருக்கணும், அதனால வாங்கினவனுக்கு லாபம் இருக்கணும், அது குறிப்பிட்ட ஆளுக்கோ தொழிலுக்கோ மட்டும் போயிருக்கணும். ஊருக்கே ரோடு போட்டா மானியம் இல்ல, ஒரு ஃபேக்டரி கேட்டு வரைக்கும் மட்டும் ரோடு போட்டா மானியம். ஏற்றுமதி செஞ்சாத்தான் குடுப்பேன்னு குடுத்தா அது தடை செய்யப்பட்ட வகை, அங்க குறிப்பிட்டதா இல்லையான்னு கேள்வியே கிடையாது. இதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல, நல்ல விதி.

அமெரிக்காவுல இதை ரெண்டு ஆபீஸ் பாக்கும். மானியம் இருக்கா எவ்வளவுன்னு வர்த்தகத் துறை சொல்லும், அதனால உள்ளூர்த் தொழிலுக்கு அடியான்னு சர்வதேச வர்த்தக ஆணையம் ஓட்டுப் போட்டுச் சொல்லும், ரெண்டும் ஆமான்னாத்தான் வரி. 2013-ல இறாலுக்கு இதே கேஸ் வந்துச்சு, இந்தியாவுக்கு 10 சதவீதத்துக்கு மேல மானியம்னு வர்த்தகத் துறை சொல்லியாச்சு, நாங்க எல்லாம் முடிஞ்சுதுன்னு உக்காந்திருந்தோம், செப்டம்பர்ல ஆணையம் அடி இல்லைன்னு ஓட்டுப் போட்டு மொத்த வரியும் இல்லாமப் போச்சு. அன்னைக்கு நான் உனக்கு போன் பண்ணி அழுதேனே, நீ கூட மாமியாரை நினைச்சு அழுதேன்னு நினைச்சியே, அது இந்தச் சந்தோஷத்துக்குத்தான். அதனால இந்தத் தடவையும் அப்படித்தான் ஆகும்னு பாதிப் பேர் தைரியமா இருந்தாங்க. 2023 அக்டோபர்ல அமெரிக்க இறால் தொழில்காரங்க மனு போட்டாங்க, இந்தியா, ஈக்வடார், இந்தோனேசியா, வியட்நாம் நாலும் மாட்டுச்சு. போன நவம்பர்ல ஆணையம் ஆமான்னுருச்சு, டிசம்பர்ல உத்தரவு, எங்களுக்கு 5.77 சதவீதம். அடிமாட்டு விலைக்கு வெளிநாட்டுல விக்குறதுக்காகப் போடுற ஆன்ட்டி டம்பிங் வரி 2005-ல இருந்தே இருக்கு, அது தனி. அந்த 2005 உத்தரவு பிப்ரவரியில வந்துச்சு, சுனாமி முடிஞ்சு ரெண்டு மாசம் கூட ஆகல, நாகப்பட்டினம் பக்கம் இன்னும் ஆள் தேடிட்டு இருந்தாங்க. அதை நான் மறக்கவே மாட்டேன்.

இப்ப சித்தப்பா கேள்விக்கு வாரேன். விசாரணைக்கு எல்லாக் கம்பெனியையும் பாக்க முடியாதுன்னு பெரிய ஏற்றுமதியாளர் ரெண்டு பேரைத்தான் எடுத்துக்கிட்டாங்க. அவிங்க கணக்கை வச்சு வந்த ரேட்டோட சராசரிதான் மீதி எல்லாருக்கும். நாங்க ஒரு மானிய ஸ்கீமைத் தொட்டிருந்தாலும் அதே 5.77, தொடாட்டியும் அதே 5.77. இன்னொண்ணு கேளு, அவங்க சட்டத்துல 771பின்னு ஒரு பிரிவு, விளைபொருளைப் பதப்படுத்தி விக்கிற தொழில்னா, பச்சைப் பொருள் பெரும்பாலும் அந்தத் தொழிலுக்குத்தான் போகுது, பதப்படுத்துறதுல மதிப்பும் ரொம்பக் கூடலன்னா, விளைவிச்சவனுக்கு வந்த உதவியும் பதப்படுத்துறவனுக்கு வந்ததாவே எடுத்துக்கும். அதாவது யாரோ ஒரு குளத்துக்கு வந்த உதவி எங்க ஃபேக்டரி கணக்குல ஏறும், எங்க வரி சித்தப்பா துண்டுச்சீட்டுல இறங்கும். உதவி மேல போச்சு, வரி மட்டும் கீழ வந்துச்சு. உதவி வந்த குளம் ஒண்ணு, 15 ரூபா போன குளம் வேற.

என் ஆத்திரம் அதுகூட இல்ல. உனக்கு அக்கவுண்ட்ஸ் தெரியும், நீயே சொல்லு. ரோடெப்னு ஒரு ஸ்கீம், 2021 ஜனவரியில இருந்து. எதுக்கு வந்துச்சு? அதுக்கு முன்னாடி எம்இஐஎஸ்னு இருந்துச்சு, ஏற்றுமதி பண்ணினா இவ்வளவு சதவீதம்னு ஸ்கிரிப், அதாவது சுங்க வரி கட்ட உதவுற வரவுச் சீட்டு, சும்மா பரிசு மாதிரி. அதை எதிர்த்து அமெரிக்கா 2018-ல உலக வர்த்தக அமைப்புக்குப் போச்சு, 2019 அக்டோபர்ல தீர்ப்பு நமக்கு எதிரா. நம்ம நாடு ஏழை நாடு பட்டியல்ல இருந்த வரைக்கும் ஏற்றுமதி மானியம் குடுக்க விலக்கு இருந்துச்சு, தலைக்கு வருமானம் 1990 டாலர் கணக்குல மூணு வருஷம் தொடர்ந்து 1000 டாலரைத் தாண்டினா விலக்கு போயிரும், நாம தாண்டிட்டோம். எம்இஐஎஸ் தப்புன்னு சொன்னது எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு, ஒளிச்சுப் பேச எனக்கு வராது. ஆனா ரோடெப் பரிசு இல்லட்டி. டீசல் மேல மாநிலம் போடுற வாட், கரண்ட் பில்லுல வர்ற மின்சார வரி, இதெல்லாம் ஜிஎஸ்டிக்குள்ள வராம சரக்கு விலைக்குள்ளயே மறைஞ்சு போயிருது, அதைத் திருப்பித் தர்றதுதான் ரோடெப். சித்தப்பா ஏரேட்டருக்கு ஊத்துற ஒவ்வொரு லிட்டர் டீசல்லயும் அந்த வரி இருக்கு. நாம கட்டின வரியை, கட்டின அளவுக்கு மிஞ்சாம திருப்பித் தந்தா அது மானியமே இல்லன்னு மானிய ஒப்பந்தத்தோட முதல் அடிக்குறிப்பே சொல்லுது!

அப்புறம் எப்படி மாட்டுதோம்? மிஞ்சலைன்னு காட்டணும். எந்தப் பொருள் செய்ய எந்த இடுபொருள் எவ்வளவு செலவாச்சு, சேதாரம் எவ்வளவு போச்சு, அதுல எவ்வளவு வரி இருந்துச்சு, இதைச் சரிபார்க்க அரசாங்கத்துகிட்ட ஒரு முறை இருக்கணும், அது நிஜமா நடக்கணும். இல்லைன்னா கூடக் குடுத்ததை மட்டும் மானியம்னு சொல்ல மாட்டாங்க, குடுத்த முழுத் தொகையையும் மானியம்னு எடுத்துக்குவாங்க. நூறு ரூபா வரி கட்டி நூறு திரும்ப வாங்கினாலும் நூறும் மானியம், ஏன்னா கட்டினதுக்குக் கணக்கு இல்ல. இடுபொருளுக்குக் கட்டின சுங்கத்தைத் திருப்பித் தர்ற டிராபேக்குக்கும் அதே கதைதான். ஒரு தொழில் முழுக்க ஒரே சராசரி ரேட்டு போட்டுத் தர்றது நம்ம பழக்கம், உன் ஃபேக்டரி என்ன கட்டுச்சு என் ஃபேக்டரி என்ன கட்டுச்சுன்னு யாரும் பாக்குறதில்ல. மூணு ராத்திரி இதையேதான் படிச்சுட்டு இருக்கேன். கடைசியில புரியுறது என்னன்னா, நம்ம பக்கம் நியாயம் இருக்கு, ஆனா அந்த நியாயத்தை நாம எழுதி வைக்கல. குளத்துல டீசல் வாங்கின பில்லு எங்க இருக்கு? சித்தப்பாகிட்ட கேட்டேன், "பங்க்ல சீட்டு குடுப்பான், சட்டைப் பையோட தொவைச்சுருவா உங்க சித்தி"ன்னாவ. எனக்கு அழுகையே வந்துருச்சு.

மிஷின் இறக்குமதிக்குச் சலுகை தர்ற ஈபிசிஜி ஸ்கீமை நான் காப்பாத்தல. இறாலைத் தனித்தனியா உறைய வைக்கிற எங்க ஐக்யூஎஃப் மிஷின் அப்படித்தான் வந்துச்சு, சுங்கமே கட்டாம இறக்குமதி, பதிலுக்கு மிச்சமான வரியைப் போல ஆறு மடங்குக்கு ஆறு வருஷத்துல ஏற்றுமதி காட்டணும். அது ஏற்றுமதிக்குக் கட்டிப்போட்ட சலுகைதான், அதை மானியம்னா நான் வாயை மூடிக்குவேன்.

பணம் எப்படிப் போகுதுன்னு சொன்னாத்தான் உனக்கு உறைக்கும். ஒரு கோடி ரூபா சரக்குன்னா 5 லட்சத்து 77 ஆயிரம் டெபாசிட். சட்டப்படி அதைக் கட்டுறது இறக்குமதி பண்றவன். ஆனா எங்க பாதி ஆர்டர் டிடிபி, வரி உட்பட கொண்டுபோய் இறக்கிக் குடுக்கணும், அப்ப அது எங்க பை. அதுவும் முடிஞ்ச வரி இல்ல, டெபாசிட்தான். வருஷா வருஷம் மறுஆய்வு, அந்தக் காலத்துக்கு நிஜ ரேட்டு எவ்வளவுன்னு பின்னாடி சொல்லுவாங்க, குறைஞ்சா வட்டியோட திரும்பும், கூடினா மேற்கொண்டு கட்டணும். இன்னைக்கு விக்கிற இறாலுக்கு என்ன லாபம்னு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்னா எந்த விலைக்கு நான் கோட் பண்ண? அந்தப் பயத்தைத்தான் கிலோவுக்கு 15 ரூபாயா ஏஜென்ட் வெட்டுதான். எங்க முதலாளிகிட்ட இதைச் சொன்னேன், 5.77-க்கு 15 ரூபா கணக்கு எப்படி வருதுன்னும் கேட்டேன். பாக்கலாம்னாரு. பாக்காரான்னு நான் பாக்கேன்.

இப்ப உன் முறை. ஞாபகம் இருக்கா, 2016-ல காற்றாலைக்கான வார்ப்புக்கு சீனா மேல நம்ம அரசாங்கம் இதே வரியைப் போட்டுச்சு. உங்க ஃபவுண்டரி சந்தோஷத்துல நீ எனக்கு மைசூர்பாகு பார்சல் அனுப்பின, கோயம்புத்தூர்ல இருந்து வந்து சேரும்போது கல்லாயிருந்துச்சு, அது வேற. "சீனாக்காரன் அரசாங்கக் காசுல விக்கான், நாங்க எப்படிட்டி நிக்க"ன்னு நீ அன்னைக்குக் கேட்டது சத்தியமான கேள்வி. அதே கேள்வியைத்தான் லூசியானாவுல வலை போடுறவன் கேக்கான். அங்க சாப்பிடுற இறால்ல பத்துல ஒன்பதுக்கு மேல வெளிநாட்டுச் சரக்கு, கடல்ல பிடிக்கிறவன் எங்க குளத்து விலைக்கு எதிர நிக்க முடியுமா? நம்ம திரேஸ்புரத்துல படகு டீசல் காசுகூடத் தேறாம கரைக்கு வருதே, அவனும் அப்படித்தான் வருவான். அவன் மேல எனக்குக் கோவமே வரல. அவன் அடியும் நிஜம், சித்தப்பா டீசல் வரியும் நிஜம். ரெண்டையும் ஒரே தராசுல வைக்க நடுவுல ஒரு ஆள் வேணும், அந்த ஆள்தான் இப்ப இல்ல. உலக வர்த்தக அமைப்போட மேல்முறையீட்டு அமர்வுக்கு ஆள் போட விடாம அமெரிக்கா தடுத்து, 2019 டிசம்பர்ல இருந்து அது முடங்கிக் கிடக்கு. நம்ம இரும்புக்கு அமெரிக்கா போட்ட சிவிடில 2014-ல அதே அமர்வு நம்ம பக்கம் சில விஷயத்துல நின்னுச்சு, அரசாங்கத்துக்குப் பங்கு இருக்குங்கிறதாலயே என்எம்டிசிங்கிற இரும்புத்தாது சுரங்கக் கம்பெனியை அரசு அமைப்புன்னு சொல்லிட முடியாதுன்னு சொல்லுச்சு. இன்னைக்கு ரோடெப்புக்கு அப்படிக் கேக்க யார்கிட்ட போக? அதே நேரம் எம்இஐஎஸ் தீர்ப்பை நாமளும் 2019 நவம்பர்ல, முடங்கப் போற அந்த அமர்வுக்குத்தான் மேல்முறையீடு பண்ணி, 2023-ல அமெரிக்காவோட சமரசம் ஆகுற வரைக்கும் அப்படியே போட்டு வச்சிருந்தோம். அது எனக்கு வெக்கமா இருக்கு கோமு, நாம அடிவாங்குனா கோர்ட்டு வேணும், நாம தோத்தா கோர்ட்டு இல்லாதது வசதியா?

அதனால உன்கிட்ட ரெண்டு காரியம் கேக்கேன். உங்க ஃபவுண்டரியில அந்த விசாரணை நேரத்துல செலவுக் கணக்கை கிலோவுக்கு இவ்வளவு கரண்ட் இவ்வளவு டீசல்னு ஒரு ஷீட்ல பிரிச்சு வச்சதா சொன்னியே, பேர் எல்லாம் எடுத்துட்டு வெறும் கட்டத்தை மட்டும் அனுப்பு. நான் அதை இறாலுக்கு மாத்தி, எங்களுக்குச் சரக்கு தர்ற பண்ணைக்காரங்களுக்குத் தமிழ்ல அடிச்சுக் குடுக்கப் போறேன். அடுத்த மறுஆய்வுல எங்க கம்பெனியைக் கூப்பிடுறாங்களோ இல்லையோ, கூப்பிட்டா பதில் சொல்லாதவனுக்கு இருக்கிறதுலயே பாதகமான தகவலை வச்சு ரேட்டு போட அவங்க சட்டத்துல இடம் இருக்கு, அதுக்கு முன்னாடி பேப்பர் கையில இருக்கணும். ரெண்டாவது, சித்தப்பாவுக்கு நீயே போன் பண்ணி, பங்க் சீட்டு எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு வைக்கச் சொல்லு, நான் சொன்னா சிரிக்காவ, அண்ணன் மக சொன்னா கேப்பாவ. சித்திகிட்டயும் சட்டையைத் தொவைக்கும் முன்னாடி பையைப் பாக்கச் சொல்லு.

நெத்திலிக் கருவாடு அரைக்கிலோ புதன்கிழமை கொரியர்ல போடுதேன், உன் வீட்டுக்கார் மூக்கைப் பொத்திக்கிட்டா எனக்கென்ன. ஷீட்டை மறக்காத.

ஜெபா