குளத்துக்கு ஒரு படகு, நீரேரிக்கு வேறு படகு: மீனவர் சங்கங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணம்

நன்னீர் மீன்பிடிச் சங்கங்கள், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் நிருவாகத்தாருக்கும், வெளிநாட்டிலிருந்து அலுமினியப் படகு வாங்கி அனுப்ப முன்வரும் ஊர்ச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

படகின் விலையைப் பேசுவதற்கு முன் அது எந்தத் தண்ணீரில் இறங்கப் போகிறது என்று தீர்மானியுங்கள். சிறிய அலுமினியப் படகுகள் ஆற்றுக்கும் ஏரிக்கும் என்று செய்யப்பட்டவை, அதாவது நன்னீருக்கு. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மழைக்காலத்தில்தான் ஓடும். எனவே இந்தப் படகுகளுக்குப் பொருத்தமான தண்ணீர் இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற வன்னிக் குளங்களில்தான் இருக்கிறது. யாழ்ப்பாண நீரேரி பார்வைக்கு ஏரிபோல் அமைதியாகக் கிடந்தாலும் அது உப்புத் தண்ணீர். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாதிரிப் படகில் பத்து வாங்குவது பணத்தை வீணாக்கும் வழி.

குளத்தைப் பற்றி முதலில் சொல்கிறோம். அங்கே அலுமினியம் நல்ல தெரிவு. தண்ணீருக்கடியில் பட்ட மரக்கட்டைகள் நிற்கும். பைபர் படகு கட்டையில் மோதினால் வெடிக்கும், அலுமினியம் பெரும்பாலும் நெளிவதோடு நின்றுவிடும். கோடையில் தண்ணீர் வற்றி விளிம்பு வெகுதூரம் பின்வாங்கும்போது படகைச் சேற்றில் இழுத்துக்கொண்டு போகவேண்டும். அந்த நேரத்தில் பாரம் குறைந்த படகின் அருமை தெரியும்.

குளத்துக்குத் தட்டை அடியும் சதுர அணியமும் (முன்பக்கமும்) உள்ள படகையே எடுங்கள். ஒரு சாண் ஆழத்திலும் மிதக்கும். விற்பவர்கள் 1236, 1436, 1448 என்று நான்கு இலக்கத்தில் சொல்வார்கள். முதல் இரண்டு இலக்கம் நீளம், அடிக்கணக்கு. பின் இரண்டும் அடித்தட்டின் அகலம், அங்குலக் கணக்கு. 1436 என்றால் 14 அடி நீளம், 36 அங்குல அடித்தட்டு. தூண்டில் போட இருந்த இடத்தில் இருக்கும் ஆளுக்கு 36 அங்குலம் போதும். ஆனால் எங்கள் ஆட்கள் தண்ணீரிலிருந்து வலையை இழுக்கும்போது இருவரும் ஒரே பக்கத்தில் நின்று குனிவார்கள். ஒடுங்கிய படகு அப்போது சரிந்து, விளிம்பு தண்ணீரைத் தொடும். வலைத் தொழிலுக்கு 1448 தான் வேண்டும் என்பது எங்கள் உறுதியான முடிவு. 12 அடிப் படகின் விலை ஆசை காட்டும், ஏமாறாதீர்கள்.

எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நீளத்தையும் மேல் அகலத்தையும் அடிக்கணக்கில் எடுத்துப் பெருக்கி 15 ஆல் வகுக்க வேண்டும். 14 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 70, அதை 15 ஆல் வகுத்தால் நான்கு பேர். இது காற்றில்லாத தண்ணீருக்கு உரிய எண். நனைந்த வலை, ஐஸ் பெட்டி, மீன் எல்லாம் ஏறினால் அவற்றின் நிறைக்கு ஏற்ப ஆட்களைக் குறையுங்கள். இரண்டு பேரும் வலையும் என்பதே தொழிலுக்குச் சரி.

தகட்டின் தடிப்பைக் கேட்காமல் காசு கொடுக்கக் கூடாது. 1.6 மில்லிமீற்றர்த் தகடு பொழுதுபோக்குக்காரருக்கு. தினமும் கரையில் இழுபடும் படகுக்கு 2 மில்லிமீற்றர் குறைந்தபட்சம், 2.5 கிடைத்தால் நல்லது. அடுத்தது பொருத்து. றிவெற் அடித்த படகு இலேசானது, விலையும் குறைவு. ஆனால் அலையும் எஞ்சின் அதிர்வும் சேர்ந்து றிவெற்றுகளைத் தளர்த்தும், முதலில் நடு முதுகெலும்பு வரிசையிலும் இருக்கைக் கால்களிலும் கசியும். வெல்டிங் செய்த படகில் அந்தத் தொல்லை இல்லை, விரிசல் வந்தால் வெல்டிங் கோட்டின் ஓரமாக வரும். எங்களைக் கேட்டால் வெல்டிங் படகுதான். ஆனால் ஒன்றை முன்கூட்டியே பாருங்கள்: இரும்பு ஒட்டும் சாதாரண வெல்டிங் கடையில் இதைத் திருத்த முடியாது. ஆகன் வாயுவோடு அலுமினிய வெல்டிங் செய்யத் தெரிந்தவர் வேண்டும், 5083 போன்ற இலக்கமுள்ள படகு அலுமினியத்துக்கு 5356 என்ற வெல்டிங் கம்பி வேண்டும். 4043 கம்பியால் ஒட்டினால் அந்த இடம் நொறுங்கும். கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ அப்படி ஒருவரை அடையாளம் கண்டபிறகு வெல்டிங் படகு வாங்குங்கள்.

எஞ்சின் விடயத்தில் இரண்டு அளவு பிசகக் கூடாது. எஞ்சின் மாட்டும் பின்பலகையின் உயரம் 15 அங்குலம் என்றால் குட்டைத் தண்டு எஞ்சின், 20 அங்குலம் என்றால் நெட்டைத் தண்டு. நெட்டைத் தண்டைக் குட்டைப் பலகையில் மாட்டினால் சுழலி ஐந்து அங்குலம் கீழே இறங்கிக் கட்டையில் அடிபடும். இரண்டாவது குதிரைவலு. 1236 படகுக்குப் பெரும்பாலும் 10, 1448 படகுக்கு 25 வரை என்று படகில் ஒட்டிய தகட்டில் இருக்கும். அந்தத் தகடு பிடுங்கப்பட்டிருந்தால் அந்தப் படகை விடுங்கள். 25 தாங்கும் என்பதற்காக 25 பூட்டத் தேவையில்லை, குளத்துக்கு 8 அல்லது 10 போதும். சில குளங்களில் எஞ்சினுக்கே அனுமதி இல்லாமல் இருக்கலாம். நன்னீர் மீன்வளர்ப்பைக் கவனிக்கும் அரச அதிகாரசபையான நெக்டாவிடமும் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் கேட்காமல் எஞ்சினுக்குப் பணம் ஒதுக்காதீர்கள். தொழில் படகைப் பதிவு செய்வது 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின்படி கட்டாயம்.

இனி நீரேரி. குருநகர், நாவாந்துறை, கச்சாய், கிளாலிப் பக்கத்துச் சங்கங்கள் இதைக் கவனமாக வாசிக்கவேண்டும். இலேசான தட்டைப் படகைத் தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று கடதாசிபோல் தள்ளும். சிறிய குறுக்கலைக்கே தட்டை அடி படபடவென்று அடிக்கும், அந்தச் சத்தத்துக்கு ஆழமில்லாத தண்ணீரில் மீன் கலையும். சிறகுவலைத் தடிகளுக்கிடையே புகுந்து திரும்பும்போதும் காற்றுக்கு ஈடு கொடுக்காது. இவற்றை எல்லாம் விடப் பெரிய பகை உப்பு. அலுமினியம் தனியாக நின்றால் உப்புத் தண்ணீரை ஓரளவு தாங்கும். அதனோடு செம்போ பித்தளையோ தொட்டுக்கொண்டு உப்பில் நனைந்தால், அலுமினியமே கரைந்து கொடுக்கும். முதலில் வெள்ளைத் தூள் பூக்கும். சுரண்டிப் பார்த்தால் அதன் கீழ் குழி இருக்கும், குழி பிறகு துளையாகும். நீரேரிக்குப் பைபர் படகே எங்கள் பரிந்துரை. பிசினும் கண்ணாடியிழைப் பாயும் கொண்டு அதைத் திருத்தத் தெரிந்த கைகள் இங்கே இருக்கின்றன.

அப்படியும் அலுமினியம்தான் வருகிறது என்றால் அரை V வடிவ அடி, வெல்டிங், 5083 அல்லது 5086 தகடு என்று கேட்டு வாங்குங்கள். அடியில் பலிக்கட்டி, அதாவது படகுக்குப் பதிலாகத் தான் கரையும் உலோகக் கட்டி, பூட்டவேண்டும்: உப்புத் தண்ணீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், நன்னீருக்கு மக்னீசியம். கட்டியின் மேல் பெயின்ற் பூசினால் அது வேலை செய்யாது. செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ற் ஒரு துளியும் அடியில் படக் கூடாது. செம்புக் கரைசல் ஏற்றிய பலகையைத் தட்டாகப் போடவும் கூடாது. துருப்பிடிக்காத உருக்கு ஆணி பூட்டும் இடமெல்லாம் நைலோன் வாஷர் வையுங்கள். பற்றறியின் எதிர்முனைக்குப் படகின் உடலைக் கம்பியாகப் பயன்படுத்தாதீர்கள். நனைந்த சாக்கை அடித்தட்டில் விட்டுச் செல்லும் பழக்கம் எங்களிடம் அதிகம். அதன் கீழ்தான் அரிப்புத் தொடங்கும். வலையிலிருந்து கழன்று தட்டுக்கடியில் கிடக்கும் ஈயக்குண்டையும் அவ்வப்போது பொறுக்கி எடுங்கள். தொழில் முடிந்ததும் நன்னீரால் கழுவுங்கள்.

ஊர்ச் சங்கத்தார் பெரும்பாலும் பாவித்த படகுதான் வாங்குவீர்கள். அதில் தவறில்லை, ஆனால் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். படகை நான்கைந்து இடத்தில் முட்டுக் கொடுத்து உயர்த்தி, உள்ளே நாலங்குலம் தண்ணீர் விட்டு அடியில் படுத்துப் பாருங்கள். 1448 படகில் நாலங்குலத் தண்ணீரே அரைத் தொன் வரும், ஆகவே இரண்டு முட்டில் நிறுத்தினால் முதுகு வளைந்துவிடும். கசியும் றிவெற்றைக் கரியால் குறியுங்கள். ஐந்தாறு என்றால் திரும்ப இறுக்கலாம், ஒரு வரிசை முழுதும் என்றால் வேண்டாம். அதன் மேல் சிலிக்கன் பூசி ஏற்கெனவே மூடியிருந்தால் இன்னும் வேண்டாம், சிலிக்கன் பிடித்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது. பின்பலகையைச் சுத்தியலால் தட்டுங்கள். மொத்தென்று கேட்டால் உள்ளே பலகை உக்கிவிட்டது. எஞ்சினைக் கையால் மேலும் கீழும் ஆட்டும்போது பின்பலகை அசையக் கூடாது. கடைசியாகப் படகை நிறுங்கள். தயாரிப்பாளர் சொன்ன நிறையைவிட 30, 40 கிலோ கூடுதலாக இருந்தால் இருக்கைக்கடியில் உள்ள நுரை தண்ணீர் குடித்திருக்கிறது. கவிழ்ந்தால் மிதக்க வைக்கவேண்டிய நுரை அதுதான். வெள்ளை றெஜிபோம் என்றால் பெற்றோல் பட்டுக் கரைந்திருக்கவும் கூடும், மாற்றியே ஆகவேண்டும்.

ஏற்றுவதற்கு ஒரு கணக்கு: 20 அடிக் கொன்ரெயினரின் உள் நீளம் 5.9 மீற்றர். 14 அடிப் படகு 4.27 மீற்றர்தான், நன்றாகக் கொள்ளும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்குவதென்றால் இடையே பழைய றப்பர்ப் பாயை விரியுங்கள், இருக்கை விளிம்பு மற்றதன் அடியைக் கீறாமல் இருக்கும். இங்கே வந்து இறங்கியதும் மேல் விளிம்பு முழுதும் நெடுக்கே பிளந்த நீர்க்குழாயைச் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணித்தலைகளை மூடிவிட வேண்டும். வலை மாட்டிக் கிழிவது அங்கேதான்.

பணம் அனுப்புமுன் ஐந்து விபரத்தை எழுத்தில் வாங்கிச் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டும்படி கேட்கிறோம்: தகட்டின் இலக்கம், தடிப்பு, அடித்தட்டு அகலம், பின்பலகை உயரம், நிறுத்துப் பார்த்த நிறை. இவை வராவிட்டால் அந்தப் படகுக்கு முற்பணம் கொடுக்கவேண்டாம்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்தில் படகு கட்டியும் திருத்தியும் வரும் தொழிலாளர் சிலர்